எண்ணெய் காணாத தலை: மகள் முடிய நானே உடைச்ச கதை

ஆபீஸ்ல ஒரு சிஸ்டம் படுத்துச்சுன்னா மறுநாள் உக்காந்து ரிப்போர்ட் எழுதுவோம், எப்போ படுத்துச்சு, அதுக்கு முன்னாடி யாரு எதைத் தொட்டா, எதை மாத்தினதும் எந்திரிச்சுச்சுன்னு. அதே மாதிரிதான் இதையும் எழுதறேன். இங்க படுத்தது என் பொண்ணோட பிடரி முடி, தொட்டது நான்.

முதல்ல வீட்டு நிலவரம். நான் மதுரைப் பக்கம், வைஃப் கானாவுல குமாசி, குடித்தனம் லண்டன்ல. பாப்பாவுக்கு இப்ப ஆறரை வயசு. முடி அப்படியே அவங்கம்மா முடி, பால்பாயிண்ட் பேனாவுக்குள்ள இருக்குமே ஸ்பிரிங், அதைவிடச் சின்ன வளையம், நனைச்சு இழுத்துப் பிடிச்சா தோள்பட்டைக்கு வரும், விட்டா சர்ருனு சுருண்டு காதுக்கு மேல போய் உக்காந்துக்கும். ஆண்ட்ரே வாக்கர்னு ஒரு அமெரிக்க ஹேர் ஸ்டைலிஸ்ட் 1990கள்ல முடிய 1-ல இருந்து 4 வரைக்கும் பிரிச்சு வச்சாரு, நேர் முடி 1, நெருக்கமான சுருள் 4, இப்ப அதுக்குள்ளயும் ஏ, பி, சின்னு பிரிக்கறாங்க. பாப்பாவுக்குப் பின்னந்தலை 4ஏ, உச்சி 4சி. ஒரே தலையில ரெண்டு மூணு வகை இருக்கறது சாதாரணம்தானாம், எனக்குத்தான் தெரியாது.

பிறந்தப்போ இப்படி இல்ல, மெத்துமெத்துன்னு கிட்டத்தட்ட நேரா இருந்துச்சு. பத்து மாசத்துல பழனிக்குப் போய் மொட்டை போட்டோம், திரும்ப மொளைச்சது முழுச் சுருள். எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் "அந்த மொட்டைதான்டா காரணம்"னு சொல்லிக்கிட்டு இருக்கு. குழந்தைங்களுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துல முடி இப்படி மாறறது சகஜம், சுருளா நேரான்னு முடிவு பண்றது தோலுக்கு அடியில இருக்கற மயிர்க்கால், கத்தி அதுகிட்ட போறதே இல்லன்னு எத்தனை தடவை சொன்னாலும் பழனி நாவிதர்தான் குற்றவாளி.

நாலு வயசு வரைக்கும் தலை டிபார்ட்மென்ட் முழுக்க வைஃப்போடது. அவளும் சின்ன வயசுல இருந்து பழகினவ இல்ல, கானா அரசுப் பள்ளிகள்ல பொம்பளப் பிள்ளைங்க முடிய ஒட்ட வெட்டித்தான் ஆகணும், அதனால பள்ளி முடிக்கிற வரைக்கும் கிராப்பு, முடிச்சதும் நேரா ரிலாக்ஸர். சோடியம் ஹைட்ராக்ஸைடு, அதாவது சோப்பு காய்ச்சற காரம், அதை முடியில தடவி உள்ள இருக்கற கந்தகப் பிணைப்ப உடைச்சு நிரந்தரமா நேராக்குறது. தன் சொந்த முடி எப்படி இருக்கும்னே அவளுக்கு இருபத்தஞ்சு வயசுலதான் தெரியும்னு சொல்லுவா. பாப்பாவுக்கு ரிலாக்ஸர் கிடையாதுன்னு பிறக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டா, அப்புறம் 2022 அக்டோபர்ல அமெரிக்காவுல 33 ஆயிரத்துச் சொச்சம் பெண்கள கிட்டத்தட்ட 11 வருஷம் கவனிச்ச ஆய்வு வந்துச்சு, ரிலாக்ஸர் மாதிரி ஸ்ட்ரெய்ட்னர் அடிக்கடி போட்டவங்களுக்கு 70 வயசுக்குள்ள கர்ப்பப்பை புற்றுநோய் வர்ற வாய்ப்பு 4.05 சதவீதம், போடாதவங்களுக்கு 1.64ன்னு கணக்கு. அது காரணம்னு நிரூபணம் இல்ல, தொடர்புதான், ஆனா எங்க வீட்டுல அந்த பேச்சே அதோட முடிஞ்சுது.

2023 ஜனவரியில அவளுக்கு ஆஸ்பத்திரியில ஷிஃப்ட் மாறுச்சு, காலையில ஆறரைக்கெல்லாம் கிளம்பிடுவா. ஸ்கூலுக்குத் தலை வாரி அனுப்பற வேலை எனக்கு. போறப்போ சொல்லிட்டுத்தான் போனா, தண்ணி தெளிச்சுக்கோ, காஞ்ச முடியில சீப்பு போடாதேன்னு. நான் மண்டைய ஆட்டினேன். எனக்கு அக்கா தங்கச்சி மூணு பேரு, எங்க வீட்டுல தினமும் காலையில அம்மா முன்னாடி வரிசையா உக்காந்து எண்ணெய் வச்சு சிக்கெடுத்து ரெட்டை ஜடை போட்டு ரிப்பன்ல மடிச்சுக் கட்டிப் போறத பத்து வருஷம் பாத்தவன் நான், எனக்குத் தெரியாததான்னு ஒரு தெனாவட்டு.

வீடியோ கால்ல அம்மா வேற. "என்னய்யா புள்ள தல இப்படி எண்ணெய் காணாத தலையாக் கெடக்கு, நல்லா தேய்யி." இந்த வார்த்தைதான் எல்லாத்துக்கும் ஆரம்பம். நம்ம ஊர்ல கவனிப்பு இல்லாத பிள்ளைய எப்படிச் சொல்லுவோம், எண்ணெய் காணாத தலைன்னுதான் சொல்லுவோம். முடி காஞ்சு கெடக்கா, எண்ணெய் பத்தல. வேற யோசனையே ஓடாது. கோயில்ல ஒரு ஆன்ட்டி, நல்லாத் தெரிஞ்சவங்கதான், பாப்பா தலையத் தொட்டுப் பாத்துட்டு "பரட்டையா இருக்கே, அப்பா சீவ மாட்டாரா"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே நல்லெண்ணெய் ஒரு லிட்டர் வாங்கினேன்.

பிப்ரவரியில இருந்து ஜூலை வரைக்கும் நடந்தது இதுதான். தினமும் காலையில காஞ்ச முடியில கை நெறைய எண்ணெய், ஊர்ல இருந்து கொண்டுவந்த நெருக்கமான பல்லு வச்ச சீப்பு, வேர்ல இருந்து நுனிக்கு இழுப்பு, இறுக்கி ரெண்டு ஜடை, ரப்பர் பேண்டு. பாப்பா அழும். நான் அதட்டுவேன். நாலு நாளைக்கு ஒரு தடவை எண்ணெய்ப் பிசுக்கு போகணும்னு என் ஷாம்பூவ போட்டுத் தேய்ப்பேன், உச்சியில குவிச்சு வச்சுத் துணி துவைக்கற மாதிரி, வெளிய எடுத்தா கம்பளி மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை மறுபடி காய வச்சுச் சீப்பு. ஜூன்ல பாத்தா முடி நீளமே ஆகல. நெத்தியோரமா சின்னச் சின்னப் பரு. பிடரியில ரெண்டு விரக்கடை அகலத்துக்கு அரை இஞ்ச் முடிதான் இருக்கு, தொட்டா சொரசொரன்னு.

டாக்டர்கிட்ட ஓடினோம். அவங்க முதல்ல சந்தேகப்பட்டது படர்தாமரை, குழந்தைங்க தலையில வந்தா முடி வேரோட ஒட்டி ஒடிஞ்சு செதில் செதிலா இருக்குமாம், சுரண்டி லேபுக்கு அனுப்பினாங்க. இல்லன்னு வந்துச்சு. நெத்தியப் பாத்துட்டு "ரொம்ப இறுக்கமாக் கட்டறீங்களா"ன்னு ஒரே கேள்வி. முடிய நாள் கணக்கா இழுத்து வச்சா வேரு தளந்து நெத்தியோரம் வழுக்கை விழும், ஆரம்பத்துல விட்டா திரும்ப வரும், வருஷக்கணக்கா தொடர்ந்தா வராது. 1907-லயே கிரீன்லாந்துப் பொம்பளைங்க உச்சியில இறுக்கிக் கொண்டை போட்டு ஓரமெல்லாம் முடி போனத மருத்துவத்துல எழுதி வச்சிருக்காங்க. அப்போ நெத்திக்கு விடை கெடச்சாச்சு. பிடரி? அங்க ஜடை அவ்வளவு இறுக்கம் இல்லியே.

ஆகஸ்ட்ல மாமியார் வந்தாங்க, குமாசியில இருந்து, ஆறு வாரம். பாப்பாவுக்கு அவங்க "நானா", அவங்க பாஷையில பாட்டி, அதனால எங்க எல்லாருக்குமே நானாதான். வந்த மறுநாள் நான் தலை வார்றதப் பக்கத்துல உக்காந்து பாத்தாங்க, ஒண்ணும் சொல்லல. முடிஞ்சதும் சீப்புல இருந்தத, சட்டையில விழுந்தத எல்லாம் பொறுக்கி ஒரு வெள்ளைப் பேப்பர்ல பரப்பச் சொன்னாங்க. எதுக்குன்னு வைஃப் விளக்கினா: தானா உதிர்ற முடின்னா ஒரு நுனியில குட்டியா வெள்ளைக் குமிழ் இருக்கும், அது வேர்ல இருந்து ஆயுசு முடிஞ்சு வந்தது, தினமும் அம்பது நூறு எல்லாருக்கும் போறதுதான். குமிழ் இல்லாத குட்டித் துண்டுன்னா நடுவுல ஒடிஞ்சது. லென்ஸ் வச்சுப் பாத்தேன். நாப்பது அம்பது துண்டு, அதுல குமிழ் இருந்தது ஏழோ எட்டோ. மத்ததெல்லாம் ஒடிசல். அதாவது முடி வளராம இல்ல, வளர்ற வேகத்துக்கு நான் ஒடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இந்த வகை முடி மாசத்துக்கு ஒரு செ.மீ.க்கும் கொஞ்சம் கம்மியாத்தான் வளரும், தினம் காலையில பத்து நிமிஷம் அதுக்கு எதிரா ஒருத்தன் வேலை பாத்தா நீளம் எங்க சேரும்.

எண்ணெய் இவ்வளவு வச்சும் ஏன் ஒடியுதுங்கறதுதான் எனக்கு மண்டையில ஏற நாளாச்சு. நேர் முடின்னா தலையில ஊர்ற எண்ணெய்ப்பசை சறுக்குமரம் மாதிரி நுனி வரைக்கும் இறங்கிடும். சுருள்ல ஒவ்வொரு வளைவுலயும் தடுக்கும், நுனிக்குப் போய்ச் சேராது. முடிய குறுக்க வெட்டிப் பாத்தா வட்டமா இல்லாம தட்டையா இருக்கும், வளைவு ஒவ்வொண்ணும் ஒரு பலவீனமான இடம். நம்ம ஆளுங்க தினம் எண்ணெய் வச்சு தினம் சீவியும் தாங்குதுன்னா அந்த முடியில வளைவு கம்மி. இங்க ஒரே முடியில நூறு வளைவு, சீப்பு ஒவ்வொண்ணுலயும் மாட்டும். அதுக்கு வேண்டியது வழவழப்பு மட்டும் இல்ல, நெகிழ்வு, அதத் தர்றது தண்ணி. நனைஞ்சா முடிக்குள்ள இருக்கற ஹைட்ரஜன் பிணைப்புங்க விட்டுக் கொடுக்கும், முடி வளையும், நீளும், காஞ்சதும் திரும்ப இறுகிக்கும். எண்ணெய்ல தண்ணி துளி கூட கிடையாது. காஞ்ச முடிமேல எண்ணெயப் பூசினா மேல ஒரு படலம், உள்ள அதே வறட்சி. நானா இங்கிலீஷ்ல ஒரு வரிதான் சொன்னாங்க, தமிழ்ல சொன்னா "நீ பூட்டப் பூட்டிட்ட, உள்ள ஒண்ணும் வைக்கலயே."

அதுக்காக அம்மா சொன்னது முழுக்கத் தப்பும் இல்ல. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, மினரல் ஆயில் மூணையும் ஒப்பிட்டு 2003-ல நம்ம நாட்டு ஆளுங்க ஒரு ஆய்வு போட்டாங்க, குளிக்கறதுக்கு முன்னாடி வச்சாலும் சரி பின்னாடி வச்சாலும் சரி முடியில இருந்து புரதம் போறதக் குறைச்சது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அதுல இருக்கற லாரிக் அமிலம் முடிக்குள்ள இறங்கற அளவுக்குச் சின்னது. அதனால எண்ணெய்க் குளியல் எங்க வீட்டுல இன்னும் உண்டு, சனிக்கிழமை தலைக்கு ஊத்தறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் தேங்காய் எண்ணெய். இடம்தான் மாறுச்சு.

இப்ப சனிக்கிழமைக்கு வருவோம், வாஷ் டே. முதல் தடவை நானா மேற்பார்வையில மூணே முக்கால் மணி நேரம் ஆச்சு, நடுவுல ரெண்டு கார்ட்டூன், ஒரு மேகி. இப்போ ஒன்றரை மணி நேரத்துல முடிக்கறேன். தலைய நாலாப் பிரிச்சு கிளிப் போட்டுடணும், இது முக்கியம், ஒரு பாகத்துல வேலை நடக்கும்போது மத்த மூணும் கலையவே கூடாது. சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ தலைத்தோலுக்கு மட்டும், விரல் நுனியால, முடிய உச்சியில குவிக்கறதே கிடையாது. அப்புறம் கண்டிஷனர், நான் முன்னாடி ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வைப்பேன், நானா ஒரு பாகத்துக்கே ஒரு கை அள்ளினாங்க. அது மேலயே இருக்கும்போது முதல்ல விரலால சிக்கெடுக்கணும், அப்புறம் பல்லு அகலமான சீப்பு, நுனியில ஒரு இஞ்ச், அது போச்சுன்னா அதுக்கு மேல ஒரு இஞ்ச், அப்படியே வேருக்கு ஏறணும். நான் ஆறு மாசமா மேல இருந்து கீழ இழுத்து எல்லாச் சிக்கையும் ஒண்ணாத் தள்ளி முடிச்சாப் போட்டுக்கிட்டு இருந்தேன். சிக்கெடுத்த பாகத்த உடனே முறுக்கிக் கட்டிடணும் இல்லன்னா அஞ்சு நிமிஷத்துல திரும்ப அதே கதை.

அலசினப்புறம் தண்ணி சொட்டச் சொட்ட லீவ்-இன் கண்டிஷனர், அதாவது அலசாம அப்படியே விடறது, அதுமேல ரெண்டு சொட்டு எண்ணெய், கடைசியா ஷியா வெண்ணெய். கானாவோட வடக்குப் பக்கத்துல விளையற மரத்துக் கொட்டையில இருந்து எடுக்கறது, நானா பாஷையில ங்குட்டோ, நானா கொண்டுவந்த டப்பா பக்கத்துல வச்சா கடையில விக்கற வெள்ளை க்ரீம் நிழலு. புகைஞ்ச வாசனை அடிக்கும், பாப்பா கிளாஸ்ல "உன்கிட்ட வறுத்த கடலை வாசம் வருது"ன்னு ஒரு பையன் சொன்னானாம், பாராட்டா திட்டான்னு தெரியல, அவ சந்தோஷமாத்தான் சொன்னா.

அப்புறம் ஸ்டைல். டூ ஸ்ட்ராண்ட் ட்விஸ்ட், அதாவது ரெண்டு புரி எடுத்துக் கயிறு மாதிரி முறுக்கறது, எனக்கு அது மட்டும்தான் ஒழுங்கா வரும். தலைக்கு பதினாறு பதினெட்டு, போட்டா ஒரு வாரம் தொட வேண்டாம், காலையில ஸ்ப்ரே பாட்டில்ல தண்ணி மட்டும். தினம் சீவறது நின்னதுதான் இதுல பெரிய மாற்றம், எனக்கு மனசு ஒப்பவே இல்ல, சீவாம பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பறதான்னு. பிடிமானத்துக்கு ஆளிவிதை ஜெல் வீட்டுலயே காய்ச்சறேன், கால் கப் விதைக்கு ரெண்டு கப் தண்ணி, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூடாவே வடிகட்டணும், ஆறினா வடியாது, ஒரு தடவை ஆறவிட்டு வைஃப்போட ஸ்டாக்கிங்ஸ் போச்சு. ஃப்ரிட்ஜ்ல ஒரு வாரம் பத்து நாள் தாங்கும்.

இவ்வளவும் மாத்தி ரெண்டு மாசத்துல நெத்தி கிட்டத்தட்ட சரியாச்சு, பேப்பர்ல துண்டு கொறைஞ்சுச்சு. பிடரி மட்டும் அப்படியே. எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினது என் தப்பு, ஆபீஸ்ல யாராவது இப்படிச் செஞ்சா நானே கத்துவேன், எது வேலை செஞ்சுது எது செய்யலன்னு எப்படித் தெரியும். தலையணை உறைய சாட்டின் ஆக்கினோம், பருத்தி முடிய உரசி ஈரத்தையும் உறிஞ்சும்னு. தலைக்கு சாட்டின் பானெட்டும், அதாவது தூங்கறப்போ போடற தொப்பி, போட்டோம், அது ராத்திரி பன்னெண்டு மணிக்கு கட்டிலுக்கு அடியில கெடக்கும், உறையாவது நகராது. பிடரி அப்பவும் தேறல. அக்டோபர்ல ஒரு நாள் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேன், குளிர், கோட்டு போட்டு ஹூட் மாட்டி முன்னாடி நடந்து போறா, திரும்பித் திரும்பி என்கிட்ட பேசறா, ஒவ்வொரு திருப்பத்துக்கும் அந்தக் கம்பளி ஓரம் பிடரிய அரம் மாதிரி அறுக்குது. வீட்டுக்கு வந்து கோட்டத் திருப்பிப் பாத்தா காலருக்குள்ள குட்டிக் குட்டி முடி. ஜனவரியில வாங்கின கோட்டு. பழைய சாட்டின் உறைய வெட்டிக் காலருக்கும் ஹூட்டுக்கும் உள்ள தச்சுட்டேன், கையாலதான், கோணல் மாணலா. 2024 பிப்ரவரியில பிடரியில ஒரு இஞ்ச்.

லண்டன் தண்ணியும் ஒரு பங்காளி. சுண்ணாம்புப் பாறையில ஊறி வர்ற தண்ணி, கெட்டில்ல வெள்ளையாப் படியும் பாருங்க, அதே கால்சியம் முடியிலயும் படியும், மேல எண்ணெயும் சேந்தா மொறமொறன்னு ஆகிடும். மாசத்துக்கு ஒரு தடவை அந்தக் கால்சியத்தப் பிடிச்சு இழுக்கற இடிடிஏ சேத்த ஷாம்பூ போட்டா வித்தியாசம் தெரியுது. ஷவர் ஃபில்டர் ஒண்ணு வாங்கினேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல, காசு தண்டம்.

2024 டிசம்பர்ல ஊருக்குப் போனோம். எனக்கு உள்ளுக்குள்ள பயம்தான், அம்மா கையில எண்ணெய்க் கிண்ணம் இருக்கும்னு. இருந்துச்சு. ஆனா நடந்தது வேற. கிளம்பறதுக்கு முன்னாடி வைஃப்போட ஃப்ரெண்டு பாப்பாவுக்கு கார்ன்ரோ போட்டு விட்டிருந்தாங்க, தலையோட ஒட்டி வரிசை வரிசையா பின்னறது. அம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு கிட்ட வந்து பாத்துச்சு. "இது நம்ம ஆயிரங்கால் ஜடைதான்டா. நாம மேல போட்டுப் பின்னுவோம், இவ அடியில விட்டுப் பின்னியிருக்கா, அதான் புடைச்சு நிக்குது." எனக்கு ரெண்டு வருஷமா புரியாத விஷயம். மூணாம் நாள் அதைப் பிரிச்சோம், தண்ணி தெளிச்சு கண்டிஷனர் வச்சு நான் சிக்கெடுத்தேன், அம்மா பக்கத்துல உக்காந்து "ஓ, நுனியில இருந்தா"ன்னு ஒரே ஒரு தடவை கேட்டுச்சு, அப்புறம் "தள்ளு"ன்னுச்சு. கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பூ ஜடை தச்ச கை அது. சீப்புக் காம்பால வகிடு எடுத்துச்சு பாருங்க, ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி, என் வகிடெல்லாம் வைகையாத்துக் கோடு. இறுக்காதம்மான்னு மட்டும் சொன்னேன், "பூ ஜடைய இறுக்கினா பொண்ணு தலைவலியில மணவறையில உக்கார மாட்டாடா, எனக்குச் சொல்லித் தர்றியா"ன்னுச்சு. அப்போ நான் ஆறு மாசமா அம்மா பேரச் சொல்லி இறுக்கினது என் சொந்தச் சரக்குதான் போல. பக்கத்து வீட்டு அக்கா பரட்டைன்னு வாயெடுத்தப்போ அம்மாவே "அது சுருட்டை, ஆத்து மணல்ல அறல் விழுற மாதிரி"ன்னு வெட்டி விட்டுச்சு. அறல்னா மணல்ல தண்ணி ஓடி விழுற அலைக்கோடு, சங்கப் பாட்டுல கூந்தலுக்கு வர்ற உவமை அது, அம்மாவுக்கு எங்க இருந்து வந்துச்சோ.

இன்னும் முடியாதது ரெண்டு. இடது நெத்தியோரம் வலதை விடக் கொஞ்சம் அடர்த்தி கம்மிதான், நான் வலது கைக்காரன், அந்தப் பக்கம் இழுப்பு அதிகம் விழுந்திருக்கணும். இன்னொண்ணு நீச்சல், ஞாயித்துக்கிழமை கிளாஸ். இந்த மாதிரி முடிக்குன்னே செஞ்ச பெரிய தொப்பி இருக்கு, சோல் கேப்புன்னு, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு முடியாதுன்னு சொல்லிட்டு 2022 செப்டம்பர்லதான் சர்வதேச நீச்சல் சங்கம் அனுமதிச்சாங்க. அது போட்டும் ஓரத்துல குளோரின் தண்ணி ஏறத்தான் செய்யுது, அதனால குழாய்த் தண்ணியில முழுசா நனைச்சு கண்டிஷனர் பூசித்தான் தொப்பி, ஏற்கனவே தண்ணி குடிச்ச முடி குளத்துத் தண்ணிய கம்மியாக் குடிக்கும்.

இப்ப பாப்பாவுக்கு ட்விஸ்ட் நுனியில பாசிமணி வேணுமாம். ஸ்கூல்ல கேட்டேன், பின்னலுக்குத் தடை இல்ல, கார்ன்ரோவத் தடுத்தது மறைமுக இனப் பாகுபாடுன்னு 2011-லயே லண்டன் ஹைகோர்ட் தீர்ப்பு இருக்கு, 2022 அக்டோபர்ல சமத்துவ ஆணையமும் பள்ளிகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தாச்சு, பாசி மட்டும் பி.டி. வகுப்பு அன்னிக்கு கழட்டிடச் சொன்னாங்க. முன்பக்க ட்விஸ்டுக்குப் பாசி கிடையாது, கனம் நெத்திய இழுக்கும், பின்னாடி எட்டு மட்டும்னு பேரம் முடிஞ்சிருக்கு, அவ பன்னெண்டுல நிக்கறா. அம்மா மதுரையில இருந்து சிவப்பும் வெள்ளையுமா ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கு, ஓட்டை எல்லாம் சின்னது, எதுவும் நுழையல.